தண்ணிமலையில் நிற்கிறவர் பேர்

அக்காவின் சூராட் என் மேசை மீது விரிந்து கிடக்கிறது. பிறப்புப் பத்திரத்துக்குப் பினாங்கில் நாங்கள் சொல்லும் பேர் அதுதான். மலாய்க்காரர்களிடமிருந்து வந்த சொல். நான்காக மடித்து மடித்து, மடிப்புகள் விட்டுப்போன தாள். பின்பக்கம் அம்மா தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கஞ்சிப் பசையால் ஒட்டியிருக்கிறாள். முன்பக்கம் ஆங்கிலத்தில், சாய்வான அழகான கையெழுத்தில், எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. பிறந்த இடம் சுங்கை பினாங். பெண் குழந்தை. தாய் பேர் சரியாக இருக்கிறது. தகப்பன் பேர் என்ற கட்டத்தில் 'தண்ணிமலை' என்று இருக்கிறது. எங்கள் அப்பாவின் பேர் தண்டபாணி.

அதன் பக்கத்தில் பளபளப்பான ஓர் அழைப்பிதழும் கிடக்கிறது. எங்கள் பகுதி வாசகசாலையைப் புதுப்பித்துவிட்டார்களாம். அதைத் தொடங்கிய பெரியவர்களில் ஒருவரான கிராணியாரின் படத்தைத் திறந்து வைக்கப் போகிறார்களாம், நினைவு மலரும் வெளியிடுகிறார்களாம். போன வாரம் அவருடைய பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். நல்ல பிள்ளை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். "டீச்சர், தாத்தாவை நேர்ல பார்த்தவங்க இப்ப உங்கள விட்டா யாரும் இல்ல. அவரப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க டீச்சர்" என்றான். அழைப்பிதழின் உள்ளே அவரைப் பற்றி ஒரு வரி அச்சடித்திருக்கிறார்கள். படிப்பறிவற்ற நம் மக்களின் பிள்ளைகளுக்கு வீடு தேடிச் சென்று பேர் பதிந்து கொடுத்த பெருந்தகை. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொன்னவள் நான், கோபத்தை விழுங்கிப் பழகியவள்தான். இதை விழுங்க முடியவில்லை. நாலு வார்த்தை கேட்டான், எழுதுகிறேன்.

கிராணி என்றால் எழுத்தர். இவர் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். பெரிய சண்டைக்கு முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், அது பெரிய உத்தியோகம். நாங்கள் இருந்தது ஆற்றோரத்து லயம்; ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு பலகை வீடுகள். ஆண்கள் எல்லோரும் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள். லயத்தின் முகப்பில், மூன்று படி ஏறிப்போகிற மாதிரி, சிமெண்டுத் தரை போட்ட ஒரு தனி வீடு இருந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் சிமெண்டுத் தரை அந்த ஒரு வீட்டுக்குத்தான். அதுதான் கிராணியார் வீடு. காலையில் வெள்ளைக் கால்சட்டையும் கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டுமாக, குடையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினால், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவர் நல்லதும் செய்தார். வாசகசாலையில் பத்திரிகையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். காய்ச்சல் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை வாங்கி வந்து கொடுப்பார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். 'தண்டபாணி' என்று எழுதத்தான் கற்றுக்கொடுத்தார்.

பிள்ளை பிறந்தால் பதிய வேண்டும் என்பது சட்டம். பதியாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம். அதனால் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்ததும் கிராணியார் லயத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்காருவார், மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். பிள்ளை பெற்றவர்கள் கைக்குழந்தையோடு ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ஆண்கள் அந்த நேரத்தில் துறைமுகத்தில் இருப்பார்கள். ஆணா பெண்ணா, என்றைக்குப் பிறந்தது, பிள்ளைக்கு என்ன பேர், உன் பேர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். "புருசன் பேரு?"

அங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம். இன்றைய பிள்ளைகள் இதைப் படித்தால் சிரிக்கும், சிரிக்கட்டும். பெண்கள் தரையைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பார்கள், பிறகு சாமியைக் காட்டியோ ஒரு பொருளைக் காட்டியோ ஜாடையாகச் சொல்வார்கள். கேட்கிறவர் அதைப் புரிந்துகொண்டு பேரை எழுதிக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். மருத்துவச்சியிடமும் கோயில் பண்டாரத்திடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் யாரும் தப்பாக எழுதிக்கொண்டதில்லை. கிராணியாரின் சொந்த மனைவியே அவர் பேரைச் சொல்ல மாட்டார், 'ஆபீசுக்குப் போறவுக' என்றுதான் சொல்வார். லயத்து ஆண்கள் பன்னிரண்டு பேரின் பேரும் கிராணியாருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார். பெண்கள் நெளிவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி. இது எனக்குப் புரிய நெடுங்காலம் ஆனது.

தைப்பூசத்துக்குத் தண்ணிமலை அடிவாரத்தில் எங்கள் லயத்துக்காரர்கள் மோர்ப்பந்தல் போடுவார்கள். மலைக்கோயில் முருகனுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் அங்கே நின்று மோர் குடிப்பார்கள். கூட்டம் குறைந்த மதிய வேளையில் ஆண்கள் பாயில் உட்கார, கிராணியார் கதை சொல்வார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அவர் பொம்பளைக் குரலில் இழுத்துப் பேசியது இன்றும் காதில் கேட்கிறது. "புருசன் பேரு என்னம்மான்னு கேட்டேன். தலையச் சொறிஞ்சிக்கிட்டு, 'கறுப்புக்கு மாத்து'ங்கிறா. சரி தாயீன்னு நானும் கறுப்புமாத்துன்னே எழுதிட்டேன். இன்னொருத்தி வந்தா. 'செவப்புக் கல்லு'ங்கிறா. அதையும் எழுதிட்டேன்." பந்தலே சிரித்தது. வெள்ளைச்சாமி மாமாவையும் மாணிக்கம் மாமாவையும் எல்லோரும் முதுகில் தட்டினார்கள், அவர்களும் வெட்கத்தோடு சிரித்தார்கள். அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கரும்பைக் கடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். 'எழுதிட்டேன்' என்றது கதைக்காகச் சொன்னது என்றே நினைத்தோம். அம்மா பந்தலின் பின்னால் குவளை கழுவிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குப் பதினெட்டு வயதானபோது ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் பியூன் வேலை. கோயிலில் அக்காவைப் பார்த்து அவரே வீட்டில் சொல்லி அனுப்பிய சம்பந்தம். அக்காவுக்கும் பிடித்திருந்தது, அதை என்னிடம் மட்டும் சொன்னாள். அவரைப் பற்றிப் பேசும்போது அவள் 'அவங்க' என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். பேர் சொல்வதை அப்போதே விட்டுவிட்டாள்.

அவர்கள் வீட்டில் ஜாதகம் பார்ப்பார்கள். எங்களிடம் ஏது ஜாதகம்? மாப்பிள்ளையின் அப்பாதான் வழி சொன்னார். "ஜாதகம் இல்லாட்டி என்னங்க, புள்ளைக்கு சூராட் இருக்குமில்ல? அதுல பொறந்த தேதி போட்டிருப்பான். பண்டாரத்துக்கிட்ட குடுத்தா கணிச்சிடுவாரு." அம்மா பெருமையோடு பிஸ்கட் டின்னைத் திறந்தாள். பெண் பிள்ளைக்குச் சூராட் எடுத்து வைத்திருப்பதே அன்று பெருமைதான். எங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது, அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பதினெட்டு வருஷமாக யாரும் படித்ததில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் நாலாங்கிளாஸ் இங்கிலீஷ். விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார். "தேதி இருக்குப்பா. அப்பா பேரு தண்ணிமலை."

"எங்க, திரும்பப் படி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவர் மறுபடி படித்தார். "உங்க பேரு தண்டபாணின்னுல்ல சொன்னாங்க?"

"ஆமாங்க, தண்டபாணிதான்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

இதை எழுத எனக்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது. அப்பா நல்லவர். குடிக்க மாட்டார், அம்மா மேல் கை வைத்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் அவர் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. நான் பார்த்தேன், அக்கா பார்த்தாள், வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தன்மையாகத்தான் கேட்டார். "முன்னாடி ஒருத்தரு இருந்தாருங்களா? இருந்தா சொல்லிடுங்க, மறைக்க வேணாம்." அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது அவர்கள் எழுந்துவிட்டார்கள். ஊற்றி வைத்த காப்பி ஆறிக் கிடந்தது, ஒருவரும் தொடவில்லை.

அப்பா என்னுடைய சூராட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினார். அதில் தண்டபாணி என்றுதான் இருந்தது. நான் பிறந்தபோது கிராணியார் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் அப்பாவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேர் கொடுத்திருந்தார். அங்கே இருந்த பஞ்சாபிக்காரருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, அவர் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார். தமிழ் தெரிந்த, தமிழ்ப் பத்திரிகை படித்துக் காட்டுகிற எங்கள் கிராணியார் எழுதியதுதான் மற்றது. அப்பா இரண்டு தாளையும் காட்டியதில் காரியம் இன்னும் கெட்டது. மூத்தவளுக்கு ஒரு அப்பன், இளையவளுக்கு ஒரு அப்பன் என்று அரசாங்கமே முத்திரை போட்டுச் சொல்கிறதே என்றார்கள்.

அங்கிருந்து அப்பா கிராணியார் வீட்டுக்குப் போனார். "உன் பொண்டாட்டி சொன்னதத்தானே எழுதினேன் தண்டபாணி" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னபோது யாருக்கும் உறைக்கவில்லை. பிற்பாடு ஒருநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாக்கியம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது. அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லே அப்பாவின் பேர்தான்.

"நீ என்ன சொல்லித் தொலைச்சே?" என்று அப்பா கேட்டார்.

"தண்ணிமலையில நிக்கிறவரு பேருன்னு சொன்னேன்" என்றாள் அம்மா. தண்ணிமலையில் நிற்பவர் தண்டாயுதபாணி. லயத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். "அவருக்குத் தெரியாதா? தெனம் 'என்ன தண்டபாணி, வேலைக்கா'ன்னு கேக்கிறவருதானே. தெரியும்னுதானே சொல்லல."

அம்மா சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் லயம் முழுக்க அவளைத்தான் ஏசியது. வாயைத் திறந்து பேரைச் சொல்லியிருந்தால் இந்த வம்பு உண்டா என்றார்கள். சொல்லியிருந்தால் அடங்காப்பிடாரி என்று ஏசியிருப்பார்கள், அதே ஆட்கள்தான். கிராணியாரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா குளித்துவிட்டு, ஒரு கையில் அக்காவையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு சிமெண்டு வீட்டுக்குப் போனாள். கிராணியார் படிகளுக்கு மேலே சாய்வு நாற்காலியில் இருந்தார், வாசகசாலைக்காரர்கள் மூன்று பேர் கூட இருந்தார்கள். அம்மா படி ஏறவில்லை. கீழே நின்றபடி தாலியைப் பிடித்துக்கொண்டாள். "புருசன் பேரு கேட்டீங்கல்ல அன்னிக்கு. இப்ப சொல்றேன். தண்டபாணி. என் புருசன் பேரு தண்டபாணி. ரெண்டு பொண்ணுக்கும் அவருதான் அப்பா. எழுதிக்குங்க."

அம்மா வாயில் அந்தப் பேரை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவள் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்கா என் பக்கம் திரும்பாமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிராணியார் பத்திரிகையை இறக்கினார். "அன்னிக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, கொஞ்சம் பயந்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. "எழுதினத அடிக்கணும்னா தொரை முன்னாடி போய் நிக்கணும். நான் தப்பா எழுதினேன்னு நானே சொல்லணும். என் வேலை என்னாகும்?"

"அடிக்க வேணாம்" என்றாள் அம்மா. "ஜெலுத்தோங்குக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் விளையாட்டா எழுதினேன், பொண்ணு இவரு பொண்ணுதான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"பார்க்கலாம், போ" என்று பத்திரிகையை மறுபடி தூக்கிக்கொண்டார்.

சுங்கை பினாங்கிலிருந்து ஜெலுத்தோங் அதிக தூரம் இல்லை. நடந்தே போகலாம். அவர் போகவில்லை. ஒரு வாக்கியம்தான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. தை பிறந்ததும் அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகும் அக்காவுக்கு ஓரிரு சம்பந்தங்கள் வரத்தான் செய்தன, ஆனால் அவர்கள் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் தண்ணிமலைக் கதை அவர்கள் காதுக்குப் போய்விடும். அக்கா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பள்ளிக்கூடச் சட்டை அவள்தான் தைத்தாள்.

அம்மா பேரைச் சொல்லி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எழவு வீட்டில் எல்லோரும் ஒப்பாரி வைக்க, அம்மா சுவரில் சாய்ந்தபடி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான்தான் பேரைச் சொல்லிட்டேன். நான்தான் சொல்லிட்டேன்." அவள் சாகும் வரை அதை நம்பினாள். நான் படித்தவள், டீச்சர், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று எத்தனையோ தடவை விளக்கினேன். சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்பது மாதிரி தலையை ஆட்டுவாள். அப்பா போன அன்றைக்குக் கிராணியார் குடையோடு வந்து நின்றார். மறுநாள் ஆபீசில் இறப்புப் பதிவை அவரே எழுதினார். அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. தண்டபாணி, துறைமுகத் தொழிலாளி என்று, சாய்வான அழகான கையெழுத்தில், சரியாக எழுதியிருக்கிறார். அன்று அவர் எங்கள் வீட்டில் யாரிடமும் பேர் கேட்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு புது அடையாள அட்டை வந்தது. சூராட்டில் உள்ளபடிதான் அட்டையில் போடுவார்கள். அக்கா அரசாங்கக் கணக்கில் தண்ணிமலை மகள் ஆனாள். ஆஸ்பத்திரியில் மருந்துக்கு உட்கார்ந்திருந்தால் அவள் பேரையும் தண்ணிமலையையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவள் எழுந்திருக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்வாள். எழுபது தாண்டிய பிறகு ஒருநாள் சொன்னாள். "நான் சாகறதுக்குள்ள அப்பா பேரை மாத்திக் குடுடி. வேற ஒண்ணும் கேக்கல." அக்கா வாழ்நாளில் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான்.

மனு எழுதிக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், தண்ணிமலைன்னு வேற ஆள் இல்லன்னு ப்ரூப் வேணும்லா. உங்கப்பா, தாத்தா பேப்பர் எல்லாம் கொண்டு வாங்க, பார்ப்போம்." இல்லாத ஆள் இல்லை என்பதற்கு எந்த ஆபீசில் பத்திரம் தருவார்கள்? அப்பாவுக்குச் சூராட்டே கிடையாது. அவருடைய அப்பா தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஜுரு பகுதியில் ஒரு தோட்டத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். கப்பல் காகிதங்கள் என்று எனக்கு எடுத்துக் காட்டியவற்றில் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று எண்ணிக்கை இருந்தது. ஆடு மாடு ஏற்றினாலும் அப்படித்தான் எழுதியிருப்பான். மகன் காரில் ஜுருவுக்குக் கூட்டிப்போனான். தோட்டம் இருந்த இடத்தில் பாக்டரிகளும் கார் விற்கிற கடைகளும் இருந்தன. தோட்டத்து ஏடுகளை ஜப்பான்காரன் எரித்துவிட்டான் என்றார் ஒருவர், வெள்ளைக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார் இன்னொருவர்.

ஒரு பாக்டரிச் சுவருக்குப் பின்னால் சின்ன மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சமிருந்தது. அங்கே பண்டாரம் பரம்பரையாக வைத்திருந்த கல்யாண நோட்டைக் காட்டினார்கள். பாதி கரையான் தின்றது. அதில் ஒரு வரி கிடைத்தது, 'மருதமுத்து மகன் தண்டபாணிக்கு' என்று. அடுத்து இருந்திருக்க வேண்டிய அம்மாவின் பேரைக் கரையான் தின்றுவிட்டது, கடைசி எழுத்து மட்டும் இருந்தது. என் தாத்தாவின் பேர் மருதமுத்து என்று எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று தலைமுறைக்கு எங்களுக்கு இருப்பது கரையான் தின்ற ஒரு வரி, ஓர் இறப்புத் தாள், இரண்டு சூராட். அந்த நாலில் ஒன்று ஒருவருடைய விளையாட்டு. கோயில் நோட்டு செல்லாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் என்னிடம் படித்த ஒரு பெண்தான் உதவினாள். பழைய பதிவேடுகள் இருக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. ஒரு நாள் மதியம் என்னை உட்கார வைத்து, அக்கா பிறந்த வருஷத்துப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். சூராட் என்பது ஒரு வரியின் நகல்தான். முழுப் பக்கத்தையும் அன்றுதான் பார்த்தேன். ஒரே நாளில் எழுதிய நாலு பிறப்புகள், நாலும் எங்கள் லயம். தகப்பன் பேர் வரிசையை விரல் வைத்துப் படித்தேன். திருப்பதி. தண்ணிமலை. கறுப்புமாத்து. செவப்புக்கல்லு.

பேர் என்று எழுதியிருக்கிறார். கறுப்புமாத்து என்று ஒரு மனிதனுக்குப் பேர் இருக்கும் என்று எழுதி, கீழே நாலு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கோவிந்தன் மாமா, அப்பா, வெள்ளைச்சாமி மாமா, மாணிக்கம் மாமா. நாலு பேரும் அவர் வீட்டைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போனார்கள். மோர்ப்பந்தலில் சொன்ன கதை நிஜக் கதை. எங்கள் தண்ணிமலை அந்தக் கதையில் வராமல் போனதற்குக் காரணம், அது சிரிக்கிற அளவுக்கு வேடிக்கையாக இல்லை என்பதுதான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாரே, நான் கரும்பு தின்றுகொண்டு சிரித்தேனே, அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் கசக்கிறது. மாணிக்கம் மாமாவின் மகனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனான், திரும்பி வரவில்லை. அவனைத் தேடி யாராவது ஏதாவது ஒரு பட்டியலைப் புரட்டினால், செவப்புக்கல்லு மகன் என்றுதான் தேட வேண்டும்.

பக்கத்தின் நகலை அக்காவிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். செவப்புக்கல்லு என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "அம்மாகிட்ட இத யாரும் காட்டாமப் போயிட்டாங்களேடி" என்றாள். மனு ஆபீசில் இருக்கும்போதே, போன வருஷம் அவள் போய்விட்டாள். இறப்புப் பத்திரத்திலும் தண்ணிமலை மகள்தான். நான் கவுண்டரில் நின்று தண்டபாணி, தண்டபாணி என்று மூன்று தடவை சொன்னேன். அங்கே இருந்த பெண், "அட்டையில உள்ளதுதான் போட முடியும் ஆன்ட்டி" என்றாள். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் மட்டும் அட்டை கேட்கவில்லை. மருதமுத்து பேத்தி, தண்டபாணி மகள் என்று வெட்டச் சொன்னேன், வெட்டினார்.

இதுவரை எழுதி முடித்து வைத்திருந்தேன். நேற்று கிராணியாரின் பேரன் வந்தான். உட்கார்ந்து முழுவதையும் படித்தான். அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, அவன் என்ன செய்வான். "இத எப்படி டீச்சர் மலர்ல போடறது?" என்றான்.

"போடாட்டிப் போ. போட்டா முழுசாப் போடு."

அவன் தாள்களை மறுபடி புரட்டினான். "தாத்தா பேரே இதுல எங்கயும் இல்லையே டீச்சர். மேல தலைப்புல பேரு போடணும்லா."

"சிமெண்டு வீட்டுல இருந்தவரு."

"இல்ல டீச்சர், பேரு."

"அதத்தான் சொன்னேன்" என்றேன்.

அவன் பேனாவைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அக்காவின் சூராட்டை அவன் பக்கம் நகர்த்தி, தகப்பன் பேர் கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். அவனுடைய தாத்தாவின் கையெழுத்து இன்னும் கொஞ்சமும் மங்கவில்லை.

"எழுதிக்கோ தம்பி" என்றேன்.